சாவித்ரி ஆற்றோடு மூன்று நாள்

தாராவியில் ஒரு குறுகிய சந்து. விடிவதற்கு முன்பே அங்கே அடுப்பு எரியும். இட்லி வேகும் மணம் தெரு முழுக்கப் பரவும். அந்தச் சந்தில் ஒரு கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். அவரை எல்லோரும் இட்லிக்காரர் என்பார்கள். மனைவியை இட்லிக்காரம்மா என்பார்கள். அம்மா மாவு ஆட்டி இட்லி அவிப்பார். அவர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி மாட்டுங்கா பக்கம் போய் விற்று வருவார்.

இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. தாராவியில் முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஊருக்குப் போகும் ரயில் பாதையைத் தவிர வேறு எந்தப் பாதையையும் அவர்கள் பார்த்ததில்லை.

"என்னங்க, ஒரு தடவையாவது மூணு நாள் எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்று கேட்டார் இட்லிக்காரம்மா. உண்டியலில் சேர்த்த பணத்தை எண்ணிக் காட்டினார். அவருக்குச் சிரிப்பு வந்தது. மறுப்புச் சொல்ல முடியவில்லை.

புரட்டாசி தொடக்கம். மழை ஓய்ந்திருந்தது. விநாயகர் சிலைகளைக் கடலில் கரைத்து முடித்திருந்தார்கள். மறுநாள் காலையில் செம்பூரில் நின்று எஸ்.டி. பஸ் ஏறினார்கள். செட்டா நகர் முருகனை இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டார் அம்மா. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பண்டிகைக்காகக் கொங்கணத்துக்குப் போனவர்கள் திரும்பும் நேரம் அது. எதிரே வந்த பஸ்களில்தான் கூட்டம் நெரிந்தது.

கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். அம்மாவுக்கு அரை டிக்கெட்!

"எனக்கு என்ன பன்னிரண்டு வயசா?" என்றார் அம்மா.

கண்டக்டர் சிரித்தார். மகாராஷ்டிர அரசு பஸ்களில் 2023 மார்ச் மாதம் முதல் பெண்களுக்குப் பாதிக் கட்டணம்தான். இது தெரியாமல் முழுப் பணத்தை எடுத்து நீட்டும் பெண்கள் உண்டு. நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு டிக்கெட் 300 ரூபாய் என்றால் இருவருக்கும் எவ்வளவு ஆகும்?

வாஷி பாலம் தாண்டி, பன்வெல் தாண்டி, பஸ் பேண் என்ற ஊருக்கு வந்தது. பம்பாயில் வைத்துக் கும்பிடும் விநாயகர் சிலைகளில் பல இந்த ஊரில் செய்யப்படுபவை. அதன் பிறகு வயலும் மலையுமாகப் பாதை போனது. நெற்பயிர் பச்சையாக நின்றது. மதியம் ஸ்ரீவர்தன் என்ற கடற்கரை ஊரில் இறங்கினார்கள். பாக்குக்குப் பேர் போன ஊர் அது. 2020 ஜூன் 3 அன்று 'நிசர்கா' புயல் இந்த ராய்கட் மாவட்டக் கரையைத்தான் தாக்கியது. பாக்கு மரங்களும் தென்னைகளும் வேரோடு சாய்ந்தன. பாக்கு மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். சில தோப்புகளில் புதுக் கன்றுகள் இடுப்பளவு நின்றதைப் பார்த்தார்கள்.

கடல் ஓரத்துப் பலகை

மறுநாள் காலை ஹரிஹரேஷ்வர் போனார்கள். சாவித்ரி என்ற ஆறு கடலில் சேரும் இடம் அது. சிறிய குன்று. அதன் அடியில் சிவன் கோயில். சாமி கும்பிட்டவர்கள் குன்றைச் சுற்றி வருவது வழக்கம். குன்றின் மறுபுறம் வெறும் பாறை. பாறையை ஒட்டியே கடல்.

மணி பத்தரை. "வா, சுற்றிவிட்டு வந்துவிடலாம்" என்று இட்லிக்காரர் முன்னே நடந்தார்.

அம்மா நின்றுவிட்டார். அங்கே ஒரு பலகை இருந்தது. மராத்தியில் எழுதியிருந்தது.

அம்மா எப்படி எழுத்துக் கற்றார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். முப்பது வயதுக்கு மேல் இரவு வகுப்பில் தமிழ் படித்தார். மராத்தி எழுத்தை யாரும் சொல்லித் தரவில்லை. பம்பாய் பெஸ்ட் பஸ்ஸின் நெற்றியில் எண்ணும் ஊர்ப் பெயரும் மராத்தியில் இருக்கும். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்துக்கொண்டார்.

இப்போதும் அப்படியே எழுத்துக் கூட்டினார். "தோ... கா. தோகா! என்னங்க, நில்லுங்க! ஆபத்துன்னு போட்டிருக்கு!"

"எத்தனையோ பேர் போறாங்க, புள்ள."

"அவங்க எப்போ போனாங்களோ! நீங்க இங்கே வாங்க."

பக்கத்தில் இளநீர் விற்றவர் அம்மா சொல்வது சரி என்றார். கடல் நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். நீர் இறங்கியிருக்கும்போதுதான் பாறை மேல் நடக்கலாம். நேற்றுப் பௌர்ணமி. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர் மற்ற நாளைவிட அதிகம் ஏறும். நேரமும் ஒரே மாதிரி இருக்காது. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். ஆகவே நேற்று இதே நேரம் ஒருவர் நடந்தார் என்பதை நம்பி இன்று நடக்கக் கூடாது.

இருவரும் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். சிறிது நேரத்தில் ஒரு பெரிய அலை வந்தது. இட்லிக்காரர் கால் வைக்கப் போன பாறை மறைந்தது. வெள்ளை நுரைதான் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. ஓர் இளநீர் வாங்கி மனைவியிடம் கொடுத்தார்.

மஹாட் குளம்

அன்று மாலை மஹாட் ஊருக்கு வந்தார்கள். இதுவும் சாவித்ரி ஆற்றின் கரைதான். மஹாட் அருகே பம்பாய் - கோவா நெடுஞ்சாலையில் பாலம் ஒன்று இருக்கிறது. அங்கே முன்பு வெள்ளைக்காரர் காலத்துக் கல் பாலம் இருந்தது. 2016 ஆகஸ்ட் 2 இரவு. கொட்டும் மழை. வெள்ளத்தில் பாலம் இடிந்தது. இருட்டில் அது தெரியாமல் வந்த இரண்டு எஸ்.டி. பஸ்களும் வேறு வண்டிகளும் ஆற்றில் விழுந்தன. பல உயிர்கள் போயின. பாலம் இடிந்ததைக் கண்ட ஒருவர் அடுத்து வந்த வண்டிகளை மறித்து நிறுத்தினார். இல்லாவிட்டால் இன்னும் பலர் போயிருப்பார்கள். 2017 ஜூனில் புதுப் பாலம் திறந்தார்கள்.

ஊருக்குள் ஒரு பெரிய குளம் உண்டு. பெயர் சவ்தார் குளம். சவ்தார் என்றால் சுவையானது என்று பொருள். அந்தச் சுவையான தண்ணீரை எல்லோரும் குடித்தார்கள். ஆடு மாடும் குடித்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் மட்டும் தொடக் கூடாது.

பொதுக் குளம், கிணறு எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டசபை 1923இல் தீர்மானம் போட்டது. மஹாட் நகராட்சியும் 1924இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளத்துக்கு யாரும் போக முடியவில்லை.

1927 மார்ச் 20. டாக்டர் அம்பேத்கர் முன்னே நடந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் வரிசையாகப் பின்னே போனார்கள். அம்பேத்கர் குளத்தில் இறங்கி, கையால் தண்ணீர் அள்ளிக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். நடந்தது அவ்வளவுதான். அதற்கே அடி விழுந்தது. வீடு திரும்பியவர்களை வழியில் தாக்கினார்கள். குளம் தீட்டுப்பட்டது என்று சொல்லிச் சாணமும் கோமியமும் ஊற்றிச் சடங்கு செய்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. பத்து வருஷம் நடந்தது. குளம் எல்லோருக்கும் உரியது என்று 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இட்லிக்காரர் குளத்தின் படியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாத்தா ஊரை விட்டுத் தாராவிக்கு வந்தவர். தோல் பதனிடும் வேலை செய்தவர்.

"ஊர்க் கிணத்துல தாத்தாவைத் தண்ணி எடுக்க விடமாட்டாங்களாம். யாராவது வந்து ஊத்துற வரைக்கும் குடத்தை வச்சுக்கிட்டு நிக்கணுமாம். சாகிற வரைக்கும் அதைச் சொல்லிட்டு இருந்தாரு."

இத்தனை வருஷத்தில் அவர் இதை மனைவியிடம் சொன்னதில்லை. அம்மா படியில் இறங்கினார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். இப்போது குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. குளத்துத் தண்ணீரை அப்படியே குடிப்பது உடம்புக்கு நல்லதல்ல. ஆகவே குடிக்காமல் முகத்தில் தெளித்துக்கொண்டார். கணவர் முகத்தையும் ஈரக் கையால் துடைத்துவிட்டார்.

மலை ஏற்றம்

மூன்றாம் நாள் பஸ் போலாத்பூர் வழியாக ஆம்பேனளி மலைப்பாதையில் ஏறியது. வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன் அடித்தார். ஒரு பக்கம் பாறைச் சுவர். மறு பக்கம் பள்ளம். வெள்ளை வெள்ளையாக அருவிகள். அம்மாவுக்குத் தலை சுற்றியது. மடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டார். மலைப் பயணம் போகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது.

இந்த அழகான மலை மழைக்காலத்தில் பயங்கரமானது. 2021 ஜூலையில் மஹாட் பக்கத்துத் தளியே கிராமத்தின் மேல் மலை சரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணில் புதைந்து இறந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் போகாதே என்று சொன்னால் போகாமல் இருப்பதுதான் நல்லது.

மகாபலேஷ்வர் சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக் காற்று இந்த மலைச் சுவரில் மோதுகிறது. மேலே ஏறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பாஞ்ச்கனியில் அதில் பாதிகூட இல்லை. காற்று தன் தண்ணீரை மேற்கிலேயே இறக்கிவிடுகிறது.

பழைய மகாபலேஷ்வரில் பஞ்சகங்கா கோயில் இருக்கிறது. கல்லில் செய்த பசுவின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிறது. கிருஷ்ணா, கோய்னா, வெண்ணா, சாவித்ரி, காயத்ரி என்ற ஐந்து ஆறுகளும் இங்கே பிறப்பதாகச் சொல்கிறார்கள்.

"சாவித்ரியா? நேத்துப் பார்த்தோமே, அதுவா?" என்றார் அம்மா.

அதுதான். சாவித்ரி மேற்கே செங்குத்தாக இறங்கிச் சுமார் 100 கிலோமீட்டர் ஓடி, அவர்கள் அலையைப் பார்த்த ஹரிஹரேஷ்வரில் கடல் சேர்கிறது. கிருஷ்ணாவோ கிழக்கே திரும்புகிறது. பக்கத்தில் கடல் இருந்தும் அங்கே போகவில்லை. மலையின் மேற்குப் பக்கம் சுவர் போல நிற்கிறது. கிழக்குப் பக்கம் மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவில் கிருஷ்ணா 1,400 கிலோமீட்டர் போய் வங்காள விரிகுடாவில் கலக்கிறது. அதில் ஒரு பங்கு நமக்கும் வருகிறது. தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வழியாக 1996இல் கிருஷ்ணா நீர் பூண்டி ஏரிக்கு வந்தது. சென்னையில் சில நாள் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான்.

அம்மாவின் தங்கை சென்னையில் இருக்கிறார். "அவளுக்கு போன் போட்டு, உன் வீட்டுத் தண்ணி பிறக்கிற இடத்தைப் பார்த்தேன்னு சொல்லணும்" என்றார்.

"இந்த மலை எது தெரியுமா? நம்ம ஊர்ப் பொதிகையும் இதே மலைதான்" என்றார் இட்லிக்காரர். அவர் சொன்னது உண்மை. குஜராத் எல்லையில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளுகிறது மேற்குத் தொடர்ச்சி மலை. இதன் பல பகுதிகளை 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். தாமிரபரணியும் கிருஷ்ணாவைப் போலவே இதில் பிறந்து கிழக்கே ஓடும் ஆறுதான்.

வாய், பூனா வழியாகத் திரும்பினார்கள். செம்பூரில் இறங்கும்போது இரவாகிவிட்டது. வீட்டில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஊறப் போட்டிருந்தார். அம்மா மாவு ஆட்ட உட்கார்ந்தார்.

இட்லிக்காரர் பால் கணக்கு நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பலகையில இருந்ததே, தோகா. அதை எப்படி எழுதுறது? காட்டு, புள்ள."

அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலை வாங்கினார்.