மறுபடி ரெண்டர் போடாமல் விளக்கின் நிறத்தை மாற்ற

ஊட்டியின் காந்தலில் கட்டப்போகும் ஒரு காட்டேஜின் வரவேற்பறையைக் கணினியில் வரைந்து ரெண்டர் எடுத்துவிட்டீர்கள். நேரம் மாலை ஐந்தரை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே தொங்கும் பல்பு, மூலையில் கணப்பு. பார்த்த உரிமையாளர், "பல்பு இன்னும் கொஞ்சம் மஞ்சளா இருக்கட்டும் சார், பனி அப்படியே இருக்கணும்" என்கிறார். கலர் பேலன்ஸை மஞ்சள் பக்கம் தள்ளினால் பனியும் சேர்ந்து மஞ்சளாகும்; ஊட்டி போய் மேட்டுப்பாளையத்து வெயில் வந்துவிடும்.

வழி இருக்கிறது. ஒளி என்பது வெறும் கூட்டல் கணக்கு. பல்பு மட்டும் எரியும் படம், கணப்பு மட்டும் எரியும் படம், ஜன்னல் வெளிச்சம் மட்டும் உள்ள படம், மூன்றையும் கூட்டினால் முழுப்படம். 1992-லேயே பால் ஹேபர்லி என்பவர், நிஜப் புகைப்படங்களை இப்படி விளக்கு விளக்காக எடுத்து, கணினியில் நிறம் கொடுத்துக் கூட்டிக் காட்டினார்.

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில், 3.2 பதிப்பு முதல் இதற்கான 'லைட் குரூப்ஸ்' வசதி அதன் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினில் உண்டு. ரெண்டர் எடுக்கும் முன்பே வியூ லேயர் பகுதியில் பல்பு, கணப்பு, வானம் (ஜன்னல் வெளிச்சம்) என்று மூன்று குழுக்கள் தொடங்கி, ஒவ்வொரு விளக்கையும் அதன் குழுவில் சேர்த்துவிடுங்கள். பல்பையும் கணப்பையும் வெள்ளையாகவே விடுங்கள், இதுதான் முக்கியம். அடர்மஞ்சளாக ரெண்டர் எடுத்த விளக்கில் நீலம் ஏறக்குறைய இருக்காது. இல்லாத நீலத்தைப் பிறகு எங்கிருந்து கொண்டுவருவது?

ரெண்டர் முடிந்ததும் கம்பாசிட்டரில் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி டிநாய்ஸ் போட வேண்டும். வழக்கமான டிநாய்ஸ் மொத்தப் படத்தைத்தான் சுத்தம் செய்யும், குழுக்களைத் தொடாது. பிறகு மூன்றையும் தனித்தனி இ.எக்ஸ்.ஆர். கோப்புகளாகச் சேமியுங்கள். ஜேபெக் கூடாது: அதில் எண்கள் கண்ணுக்கு ஏற்ப வளைக்கப்பட்டிருப்பதால் கூட்டல் தப்பும், பளிச்சிடும் இடங்களும் வெட்டுப்படும்.

இனி ஜிம்ப். (போட்டோஷாப்பிலும் முறை இதுதான்.) 32 பிட், லீனியர் லைட் என்று வைத்து, அடியில் ஒரு கறுப்பு லேயர் போடுங்கள். ஒவ்வொரு விளக்குப் படத்தையும் ஒரு லேயர் குரூப்புக்குள் வைத்து, அந்தக் குரூப்பின் மோடை 'அடிஷன்' ஆக்குங்கள்; போட்டோஷாப்பில் அதன் பெயர் 'லீனியர் டாட்ஜ்'. குரூப்புக்குள் படத்தின் மேல் ஒரே நிறம் நிரப்பிய லேயர் ஒன்றை 'மல்டிப்ளை' மோடில் வையுங்கள். அந்த நிறம்தான் இனி விளக்கின் நிறம். பிரகாசம் கூட்டவோ குறைக்கவோ, விளக்குப் படத்தின் எக்ஸ்போஷரைத் தொட்டால் போதும்.

2,700 கெல்வின் குண்டு பல்புக்குச் சுமார் சிவப்பு 255, பச்சை 170, நீலம் 90 என்று தொடங்கலாம். கணப்புக்கு இன்னும் சிவப்பு. பனிக்கு 230, 235, 255 போதும். இங்கேதான் பலர் கைமீறுகிறார்கள். 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் என்பதற்காக ஜன்னலைக் கருநீலமாக்கினால் நிலா வெளிச்சம் போலாகிவிடும். மூடுபனி வெளிச்சம் பெரும்பாலும் சாம்பல் வெள்ளைதான்; பல்பின் மஞ்சள் பக்கத்தில் இருப்பதாலேயே அது நீலமாகத் தெரிகிறது. ஆகவே முதலில் பல்பை முடித்துவிட்டு, பிறகு பனியைத் தொடுங்கள்.

விளக்கை நகர்த்த, நிழலின் விளிம்பை மென்மையாக்க இந்த முறை உதவாது. உரிமையாளர் பல்பை அடுத்த சுவருக்கு மாற்றச் சொன்னால் அந்தக் குழுவையாவது மறுபடி ரெண்டர் போட்டே ஆகவேண்டும்.