மத்தியான போஜனம்

காலை ஆகாரத்தை அவசரமாக முடித்துவிடலாம். இரவு ஆகாரத்தைக் குறைத்துக்கொள்வதும் தேகத்துக்கு நல்லதே. ஆனால் மத்தியான போஜனத்தை மட்டும் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக ருசித்து, நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். திருவல்லிக்கேணியில் நெடுங்காலமாக வசித்து, சில நாள் வீட்டிலும் சில நாள் அடுத்த தெரு மெஸ்ஸிலுமாகச் சாப்பிட்டு வருகிறவன் என்கிற முறையில், அனுபவத்தில் கண்ட சில விஷயங்களை இங்கே சொல்கிறேன்.

இந்தப் பேட்டையில் சிற்றுண்டிக்குப் பேர்போனது 1948-இல் தொடங்கிய ரத்னா கபே. சாம்பாரில் மூழ்கிய அதன் இட்லிக்காக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் மான்ஷன்களில் அறை எடுத்துத் தங்கி உத்தியோகம் பார்க்கிற பிரம்மசாரிகளையும், அடுப்படியில் நிற்கத் தள்ளாத முதியவர்களையும் தினந்தோறும் போஷித்து வருபவை, பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாத சின்னஞ்சிறு மெஸ்களே. அவற்றில் நல்லதைக் கண்டுபிடிக்க ஓர் உபாயம் உண்டு. பதினொன்றரை மணி சுமாருக்குச் சமையலறைப் பக்கம் போய், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த அடுக்குக் கேரியர்கள் வரிசையாகக் காத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வாசலில் நிற்கும் கூட்டம் அன்றைக்கு மட்டும் வந்த கூட்டமாக இருக்கலாம். கேரியர் அனுப்புகிற குடும்பங்களோ அந்தக் கைப்பக்குவத்தை வருஷக்கணக்காக நம்பியிருப்பவை.

முதல் பந்தியில் உட்காருவது உத்தமம். அப்போது பொரியலில் தேங்காய் வாடியிராது, அப்பளம் நமுத்திராது, சாம்பாரும் அடியிலிருந்து கலக்கி மொண்டதாக இருக்கும். நுனி இடப்பக்கம் இருக்குமாறு இலையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்து, சாதம் வரும்வரை கூட்டையும் பொரியலையும் தொடாமல் காத்திருப்பதே ஒரு சுகம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சாம்பாருக்கே வயிற்றை நிரப்பிக்கொண்டு, ரசத்துக்கு அரைமனசோடும் மோருக்கு மனசே இல்லாமலும் எழுந்துவிடுகிறார்கள். எங்கள் மெஸ்ஸில் பரிமாறுகிற பெரியவரிடம், “அண்ணா, முதல்ல கொஞ்சமாப் போடுங்க” என்று சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும். “அதான் சரி சார், இன்னிக்கு மிளகு ரசம், இடம் வெச்சுக்குங்க” என்பார். கரண்டி பிடிப்பவரிடம் அன்றைக்கு எது விசேஷம் என்று கேட்டுக்கொள்வதைவிட நல்ல யோசனை வேறு இல்லை. தன் அடுக்களையை நேசிக்கிறவர் ஒருபோதும் தவறாகச் சொல்லமாட்டார்.

வீட்டுச் சாப்பாட்டின் தர்மம் வேறு. மெஸ்ஸைப்போல நாலைந்து பதார்த்தங்கள் பண்ண முயல்வதால்தான் பல வீடுகளில் மத்தியானம் ஒரு பாரமாகிவிடுகிறது. ஒரு குழம்பு, அதற்குப் பொருத்தமாகத் தொட்டுக்கொள்ள ஒன்று, தயிர், இவ்வளவே போதும். வத்தக்குழம்புக்குச் சுட்ட அப்பளம், மோர்க்குழம்புக்குப் பருப்பு உசிலி, ரசத்துக்குப் பருப்புத் துவையல் என்று நம் பாட்டிமார்கள் ஜோடி சேர்த்து வைத்திருக்கிறபோது, என்ன சமைப்பது என்று யோசித்துக் களைத்துப்போக அவசியமே இல்லை. வத்தக்குழம்பைச் சற்று அதிகமாக வைத்துவிட்டால் மறுநாள் அது இன்னும் ஊறி ருசிக்கும்; அன்றைய வேலையும் பாதியாகும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, எல்லோரும் ஒன்றாக உட்காருவது. ஒருத்தி மட்டும் நின்றுகொண்டு பரிமாறி, மற்றவர்கள் எழுந்த பிறகு ஆறிப்போனதைத் தனியே சாப்பிடுகிற வழக்கத்தை எங்கள் வீட்டில் விட்டொழித்தோம். பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவரே போட்டுக்கொள்கிறோம். சம்பாஷணை வளர்ந்து, கை காய்ந்துபோகிற நாட்களும் உண்டு.

இரண்டு வழிகளையும் கலந்துகொள்வதும் சௌகரியமே. உடம்பு அசதியாக இருக்கும் நாளில் கேரியரை அனுப்பிக் குழம்பும் கூட்டும் பொரியலும் வாங்கிக்கொண்டு, சாதத்தை மட்டும் வீட்டில் சுடச்சுட வடித்துக்கொள்கிறோம். ரசத்தை நாங்கள் வாங்குவதில்லை; ஆறிய ரசத்தை மறுபடி சுடவைத்தால் அதன் வாசனை போய்விடும். ஈயச் சொம்பில் அதை வைக்க அதிக நேரம் பிடிப்பதில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகக்கூடியது, ஆகையால் வெறும் சொம்பைத் தீயில் காட்டாமல், புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீரை விட்டு, மேலே நுரை கட்டுகிற தருணத்தில், கொதிக்க விடாமல் இறக்கி, நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டிக் கொத்தமல்லி தூவினால், கேரியரைப் பிரித்து வைப்பதற்குள் ரசம் தயாராகிவிடும்.