வாஷிங்டன்: ஊரிலிருந்து வந்த பெயர்

கேள்வி: அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியின் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? அந்தப் பெயர் கறுப்பினத்தவர் பலருக்கு இருப்பது ஏன்?

பதில்: அது ஊர்ப்பெயர். வட இங்கிலாந்தில், முன்பு டர்ஹாம் பகுதியைச் சேர்ந்திருந்த வாஷிங்டன் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. 'வாஸா என்பவனின் ஆட்கள் வாழ்ந்த இடம்' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 12-ஆம் நூற்றாண்டில் வில்லியம் என்ற நிலக்கிழார் அங்கே குடியேறி, ஊரின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவர் வழிவந்த ஒரு கிளை நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் மாளிகையைக் கட்டியது. அந்தக் கிளையைச் சேர்ந்த ஜான் வாஷிங்டன் 1650-களில் வர்ஜீனியாவுக்குப் போனார். ஜார்ஜ் வாஷிங்டன் அவருடைய கொள்ளுப்பேரன்.

ஜார்ஜுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆனால் பெயர் பெருகியது. அடிமைத்தனம் ஒழிந்ததும் விடுதலை பெற்ற பலர் தங்களுக்கென ஒரு குடும்பப் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. நிறையப் பேர் வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஜார்ஜின் பண்ணையோடு எந்தத் தொடர்பும் இல்லை. கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர். பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்து, பெயர் சொல்லும் தன் முறை வந்ததும் 'புக்கர் வாஷிங்டன்' என்று தானே சொல்லிக்கொண்டார். அவர் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சைத் தொடும் இடம் இது. எஜமானர்கள் மறுத்த ஒன்றை ஒரு சிறுவன் தன் வாயாலேயே தனக்குக் கொடுத்துக்கொண்டான்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் கறுப்பினத்தவர்.