எட்டுக்காக ஏங்காத அணுக்கள்



சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்கு ஏன் கொடுக்கிறது? வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் வேண்டும், அதற்காக என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த விடையைக் கணக்குப் போட்டுச் சோதித்துப் பார். தனித்திருக்கும் ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து அணுவுக்கு ஒன்றாக எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். அவற்றைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது திரும்பி வருவது 349 மட்டுமே. இரு பக்கமும் எட்டு நிரம்பிவிட்டது. ஆனாலும் 147 கிலோஜூல் நஷ்டம். எட்டுதான் அணுவுக்கு வேண்டியது என்றால் இந்த நஷ்டத்துக்கு விளக்கமே இல்லை. அதை ஈடுகட்டுவது மின்னீர்ப்பு. நேர்மின் சோடியம் அயனிகளும் எதிர்மின் குளோரைடு அயனிகளும் ஒன்றையொன்று சூழ்ந்து படிகமாக அமையும்போது 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் தேவைப்படுவதும் அந்த ஈர்ப்பால்தான்.

மொத்த ஆற்றல் குறைவதால்தான் அணுக்கள் பிணைகின்றன. எந்த ஏற்பாட்டில் அதிகம் குறைகிறதோ அதுவே பிணைப்பின் வகை. இதைக் காட்ட இந்த இரண்டு தனிமங்களே போதும். குளோரின் அணுவிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க மோலுக்கு 1251 கிலோஜூல் வேண்டும். அதனால் இரண்டு குளோரின்கள் சந்தித்தால் கொடுக்கல் வாங்கல் கட்டுப்படியாகாது. இரு உட்கருக்களும் சேர்ந்து ஈர்க்கும் இடத்தில் ஓர் எலக்ட்ரான் இணை தங்குகிறது. அது சகப் பிணைப்பு. சோடியம் மட்டும் கூடினால் கதை வேறு. ஒவ்வோர் அணுவிடமும் தளர்வாகப் பிடிபட்ட ஓர் எலக்ட்ரான், சுற்றிலும் பல அண்டை அணுக்கள், காலியான இடங்கள் ஏராளம். எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுவாகப் பரவுகின்றன. சோடியம் மின்சாரம் கடத்தும் உலோகமாகிறது. அண்டை அணுக்கள் அருகிக் கிடக்கும் சோடிய ஆவியிலோ, இரண்டிரண்டாகச் சேர்ந்த மூலக்கூறுகளும் கொஞ்சம் உண்டு. அணு மாறவில்லை, சூழல்தான் மாறியது.

எட்டு வேண்டும் என்ற எண்ம விதி இத்தனை சேர்மங்களுக்குப் பொருந்துகிறதே என்று நீ கேட்கலாம். பொருந்துகிறது, ஆனால் அது விளைவு. சோடியத்திலிருந்து இரண்டாவது எலக்ட்ரானை எடுக்க மோலுக்கு 4562 கிலோஜூல் ஆகும். எந்தப் படிகத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. ஆகவே சோடியம் எட்டோடு நிற்கிறது. கணக்கு கட்டுப்படியாகும் இடத்தில் விதி தானாகவே விலகும். நைட்ரிக் ஆக்சைடில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மொத்தம் 11; ஒற்றைப்படை எண்ணை வைத்து இரண்டு அணுக்களுக்கும் எட்டு நிரப்பவே முடியாது, ஆனாலும் அந்த மூலக்கூறு இருக்கிறது. 1962இல் கனடாவில் வேதியியலாளர் நீல் பார்ட்லெட் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சான்று. பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதை அவர் கண்டிருந்தார். செனானிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கவும் ஏறக்குறைய அதே ஆற்றல்தான் ஆகும் என்பதைக் கவனித்தார். எட்டு நிரம்பிய செனான் எதனோடும் சேராது என்று வேதியியலாளர்கள் நம்பியிருந்த காலம் அது. அவர் ஆற்றலை நம்பினார், சேர்மம் கிடைத்தது.

அப்படியானால் அயனிப் பிணைப்பு, சகப் பிணைப்பு, உலோகப் பிணைப்பு என்று மூன்று பெயர்கள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. அவை ஒரு பரப்பின் ஓரங்களைக் குறிக்கும் பெயர்கள். இடையில் சுவர் கிடையாது. எலக்ட்ரான் கவர்தன்மையில் சோடியத்துக்கும் குளோரினுக்கும் உள்ள வேறுபாடு 2.23, அலுமினியத்துக்கும் குளோரினுக்கும் 1.55. உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்ற மனப்பாட வாய்பாட்டின்படி அலுமினியம் குளோரைடும் உப்பைப் போல வெப்பம் தாங்க வேண்டும். ஆனால் அது 180 டிகிரியிலேயே ஆவியாகி, இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட மூலக்கூறுகளாகப் பறந்துவிடுகிறது.