நகரப் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும்: அமைப்பதினும் பேணுவதே பெரிது

நகரத்தின் பொதுச் சொத்துகளுள் பூங்காவும் விளையாட்டுத் திடலும் தனித்தன்மை வாய்ந்தவை. சாலை பழுதுற்றால் போக்குவரத்து தடைப்படும்; குடிநீர் வராவிட்டால் மக்கள் குடங்களோடு நகராட்சி அலுவலக வாயிலில் திரண்டுவிடுவர். பூங்கா சீரழியும்போது அத்தகைய ஆரவாரம் எழுவதில்லை. முதலில் புல் காய்கிறது. பின்னர் ஊஞ்சலின் சங்கிலி அறுகிறது. வேலியில் ஓர் இடைவெளி விழுகிறது. அதன் வழியே குப்பை வந்து சேர்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின், 'பயனற்றுக் கிடக்கும் நிலம்' என்ற குறிப்பு கோப்பில் ஏறுகிறது. அந்நிலத்தில் கட்டடம் எழுவதற்கான முதற்படி பெரும்பாலும் அதுவேயாகும்.

எனவே பூங்கா நிர்வாகத்தை நகரை அழகுபடுத்தும் சிறு பணியாகக் கருதுவது பொருந்தாது. ஓரறை வீட்டில் வாழும் குடும்பத்தின் குழந்தைக்கு ஓடியாட வேறு இடம் இல்லை. முதியவர் அச்சமின்றி நடக்க வேறு பாதை இல்லை. ஒருமுறை கைநழுவிய திறந்தவெளியை, நிலத்தின் விலை உயர்ந்தபின் மீண்டும் வாங்குவது எந்த நகராட்சிக்கும் எளிதன்று.

சட்டம் வகுத்த பொறுப்பு

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனால் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நகர உள்ளாட்சிகளுக்கு உரியனவாக 18 பணிகளை வரிசைப்படுத்துகிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் முதலிய நகர வசதிகளை அளிப்பது அவற்றுள் பன்னிரண்டாவது பணியாகும். இப்பணிகளை உள்ளாட்சிகளுக்கு வழங்குவது மாநிலச் சட்டமன்றங்களின் கையில் உள்ளது. சில மாநிலங்கள் இத்திருத்தத்துக்கு முன்னரே தனிச் சட்டங்கள் இயற்றியிருந்தன. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றின் பாதுகாப்புக்காகத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலும் கர்நாடகத்தில் 1985ஆம் ஆண்டிலும் சட்டங்கள் பிறந்தன.

நகர வளர்ச்சித் திட்டங்களுக்காக மத்திய அரசு வெளியிட்ட 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று கூறுகின்றன. ஒரு லட்சம் மக்கள் வாழும் நகரத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், குறைந்த அளவிலேயே 10 லட்சம் சதுர மீட்டர், அதாவது 100 ஹெக்டேர் நிலம் தேவைப்படும். இது ஏறத்தாழ 247 ஏக்கர் ஆகும்.

ஆயினும் சராசரிக் கணக்கை மட்டும் நம்புவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். நகரின் ஒரு கோடியில் உள்ள பெரிய பூங்கா சராசரியை உயர்த்திக் காட்டும். நெருக்கமான வார்டுகளில் ஒரு சென்ட் திறந்தவெளிகூட இல்லாதிருக்கலாம். மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதோடு, பெரிய சாலையைக் கடக்காமல் குழந்தை நடந்து சென்றடையும் தொலைவில் திடல் உள்ளதா என்பதையும் வார்டுதோறும் கணக்கிட வேண்டும்.

முதற்பணி: பதிவேடு

பூங்கா நிர்வாகம் மண்வெட்டியுடன் தொடங்குவதன்று, பதிவேட்டுடன் தொடங்குவது. ஒவ்வோர் இடத்துக்கும் சர்வே எண், பரப்பு, எல்லைக் கற்களின் நிலை, எந்த நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்டது, யார் பெயரில் உள்ளது, ஆக்கிரமிப்பு உண்டா ஆகியவை எழுதப்பட வேண்டும். மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென வரைபடத்தில் காட்டப்பட்ட நிலம் உள்ளாட்சியின் பெயருக்கு முறையாக மாற்றப்படாமல் நின்றுவிடுவதுண்டு. பிற்காலத்தில் எழும் வழக்குகளுக்கு இதுவே வித்தாகிறது. பதிவேட்டின் படியொன்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். நிலத்தின் பரப்பும் எல்லையும் பூங்கா வாயிலிலேயே பலகையில் எழுதப்படுவது நன்று.

பதிவில் கண்ட நோக்கம் எத்துணை வலிமை உடையது என்பதைப் பெங்களூர் வழக்கு ஒன்று உணர்த்துகிறது. அந்நகரின் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட மனை, தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு வழங்கப்பட்டது. அப்பகுதி மக்கள் நீதிமன்றத்தை நாடினர். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவர்களது மனுவை ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1991இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

மருத்துவமனை மக்களுக்குப் பயன்படுவதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மருத்துவமனை தேவையானது எனினும், அது பூங்காவுக்கு மாற்றாகாது. திட்டத்தில் பொதுமக்களுக்கென ஒதுக்கிய வெளியை அதிகாரிகள் தம் விருப்பப்படி வேறு பயனுக்குத் திருப்ப இயலாது என்பது தீர்ப்பின் சாரம். அப்பகுதியில் வாழ்வோருக்கு இதனை எதிர்த்து வழக்காடும் உரிமை உண்டு என்பதும் நிலைநாட்டப்பட்டது. அலுவலகம், நீர்த்தொட்டி, சமுதாயக் கூடம் என நற்பணிகளின் பெயராலேயே திடல்கள் சிறுகச் சிறுகக் குறையும் நகரங்களுக்கு இத்தீர்ப்பு ஒரு பாடமாகும்.

பயன்பாடே சிறந்த காவல்

உயர்ந்த மதிலும் பூட்டிய வாயிலும் பூங்காவைக் காக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், வெளியிலிருந்து உள்ளே பார்க்க இயலாத மதிலைவிட, பார்வையை மறைக்காத தாழ்ந்த கம்பிவேலியே பாதுகாப்பானது. மக்கள் நடமாட்டம் உள்ள இடத்தில் தீய செயல்களுக்கு வாய்ப்புக் குறைவு. காலையிலும் மாலையிலும் சில மணி நேரமே திறந்துவைத்தால், பகலில் ஓய்வு தேடும் உழைப்பாளருக்கும் இரவுப் பணி முடித்து வருவோருக்கும் பூங்கா எட்டாப் பொருளாகிவிடும். பெங்களூரில் 2024ஆம் ஆண்டில் மாநகராட்சிப் பூங்காக்களைக் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்துவைக்க முடிவெடுக்கப்பட்டது இவ்வகையில் கருதத்தக்கது. விளக்கும் கழிப்பறையும் இல்லாத திடலிலிருந்து முதலில் விலகுவோர் பெண்களும் சிறுமியருமே. ஆதலின் இவ்விரண்டும் ஆடம்பரங்கள் அல்ல, அடிப்படைத் தேவைகள்.

விளையாட்டுத் திடலின் பங்கீட்டிலும் நீதி வேண்டும். அனைத்துலக அளவிலான கால்பந்துத் திடல் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. அது மட்டுமே 7,140 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர் ஆகும். ஆடவர் கபடிக் களமோ 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டு 130 சதுர மீட்டரில் அடங்கிவிடும். கைப்பந்துக் களத்துக்கு 162 சதுர மீட்டரும், கூடைப்பந்துக் களத்துக்கு 420 சதுர மீட்டரும் போதும். சுற்றிலும் சில மீட்டர் வெற்றிடம் விட்டால் சரி. இவற்றை ஓரத்தில் அமைத்தபின்னும் ஓர் ஏக்கர் திடலில், அதாவது 4,047 சதுர மீட்டரில், சிறுவர் ஓடியாடப் பெரும்பகுதி எஞ்சும். ஒரே குழு நாள் முழுதும் திடலை அடைத்துக்கொள்ளாதவாறு, பள்ளிகளையும் உள்ளூர்க் குழுக்களையும் கலந்து வார அட்டவணை ஒன்று வகுத்து வாயிலில் ஒட்டுதல் வேண்டும். அதில் சிறுமியருக்கும் எக்குழுவையும் சேராச் சிறுவருக்கும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.

நீர், மண், மரம்

பூங்கா என்றதும் பரந்த புல்தரையே மனக்கண்ணில் தோன்றுகிறது. கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சுவதாகக் கொண்டால், ஓர் ஏக்கருக்கு 20,000 லிட்டருக்கு மேல் செலவாகும். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது திட்டமிடுவோர் கொள்ளும் அளவு. அக்கணக்கில் ஓர் ஏக்கர் புல்தரை 150 பேரின் குடிநீரைக் குடித்துவிடுகிறது. குடிநீர்ப் பற்றாக்குறை உள்ள நகரில் இதற்கு நியாயம் கற்பிக்க இயலாது.

இதற்கு வழிகள் இரண்டு. முதலாவது, புல்தரையைக் குறைத்து நிழல்தரும் மரங்களைப் பெருக்குவது. வேம்பு, புங்கம், மகிழம் போன்றவை வேரூன்றிய பின் சிறிதளவு நீரிலேயே வளரும். மரத்தின் அடியைச் சிமெண்டால் மூடிவிட்டு அதனைச் சுற்றி அழகிய மேடை கட்டுவது வேரின் மூச்சை அடைப்பதாகும். மழைநீர் இறங்கும் மண்பரப்பு விடப்பட வேண்டும். இரண்டாவது, தூய்மைப்படுத்திய கழிவுநீரைப் பயன்படுத்துவது. சண்டிகர் நகரம் மூன்றாம் நிலை வரை தூய்மைப்படுத்திய நீரைத் தனிக் குழாய்கள் வழியாகப் பசும்பரப்புகளுக்குத் தருகிறது. பெங்களூரின் கப்பன் பூங்காவிலும் லால்பாக் தோட்டத்திலும் இதற்கென நிலையங்கள் அமைக்கப்பட்டன.

விளையாட்டுத் திடலுக்கு முதல் தேவை வடிகால். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி மெல்லிய சரிவும், ஓரத்தில் ஆழம் குறைந்த வாய்க்காலும் இருந்தால் மழை விட்ட சில மணி நேரத்தில் ஆட்டம் தொடங்கலாம். பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் திடலை வாடகைக்கு விட்டால் பந்தற்கால் குழிகளும் ஆணிகளும் எஞ்சுகின்றன. ஆண்டில் இத்தனை நாட்கள் என்ற வரம்பும், திடலைப் பழைய நிலைக்குக் கொணர்ந்த பின்னரே திருப்பித்தரும் முன்பணமும் விதிக்கப்பட வேண்டும்.

பணமும் பணியாளரும்

புதிய பூங்காவுக்கு நிதி கிடைப்பது ஒப்புநோக்க எளிது. 2015 ஜூன் 25 அன்று 500 நகரங்களுக்காகத் தொடங்கப்பட்ட அம்ருத் இயக்கம், திட்ட ஒதுக்கீட்டில் உச்ச அளவாக 2.5 விழுக்காட்டைப் பூங்காக்களுக்கும் பசும்பரப்புகளுக்கும் செலவிட இடமளித்தது. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உகந்த வசதிகளை அது வலியுறுத்தியது. ஆனால் திறப்பு விழாவுக்குப் பின்வரும் ஒவ்வோர் ஆண்டின் செலவும் நகராட்சியின் சொந்த வருவாயிலிருந்தே பெரிதும் வர வேண்டும். ஆகவே ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் அதற்கான வருவாய் இனத்தையும் காட்டாத மதிப்பீட்டுக்கு மன்றம் ஒப்புதல் அளிக்காதிருத்தல் நலம்.

மரத்தின் நோயை முதலில் காண்பவர் தோட்டக்காரரே. ஒப்பந்த முறையில் ஆண்டுதோறும் ஆட்கள் மாறும்போது அந்த அறிவும் உடன் போய்விடுகிறது. ஒவ்வொரு பூங்காவுக்கும் பொறுப்பாளர் ஒருவர் நிலையாக இருப்பதும், எஞ்சிய பணிகளுக்கு முடித்த வேலையை அளந்து ஊதியம் தருவதும் பயன்தரும். ஊஞ்சல், சறுக்குமரம் முதலியவற்றை வாரம் ஒருமுறை சோதித்துக் குறிப்பேட்டில் கையொப்பமிடச் செய்ய வேண்டும். அவற்றின் அடியில் சிமெண்டுத் தளம் கூடாது. கிளறிவிட்ட மணலே வேண்டும். உடைந்த சாதனத்தை அன்றே கழற்றிவிடுதல், அதனை மாற்றும் வரை குழந்தையின் கையையும் காலையும் காக்கும்.

மக்கள் பங்கேற்பும் அதன் எல்லையும்

குடியிருப்போரின் ஒத்துழைப்பு பெரும் துணையாகும். மும்பையின் 22 ஏக்கர் ஓவல் மைதானத்தின் பராமரிப்பைக் குடியிருப்போரின் அமைப்பு 1990களில் ஏற்றுச் சீர்ப்படுத்தியது. மைதானம் பொதுவெளியாகவே நீடித்தது. ஆனால் அதே நகரில் பராமரிப்பின் பெயரால் தனியார் அமைப்புகளிடம் ஒப்படைத்த வேறு சில இடங்கள் உறுப்பினர் மட்டுமே நுழையும் மன்றங்களாக மாறின. 2016இல் மாநகராட்சி கொணர்ந்த புதிய தத்தளிப்புக் கொள்கை கடும் எதிர்ப்பை எழுப்பியதும், மாநில முதல்வர் அதனை நிறுத்திவைத்ததும் இவ்வனுபவத்தின் விளைவே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. பராமரிக்கும் பணியைப் பகிர்ந்தளிக்கலாம். நிலத்தின் மீதான உரிமையையும் யார் நுழையலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் பகிர்ந்தளித்தல் ஆகாது. ஒப்பந்தம் குறுகிய காலத்துக்கே இருத்தல், புதிய கட்டடத்துக்குத் தடை, கட்டணமற்ற நுழைவு, ஆண்டுக் கணக்கை வெளியிடுதல் ஆகிய நான்கும் இன்றியமையா நிபந்தனைகளாகும். அருகில் உள்ள குடிசைப் பகுதியின் சிறுவரைத் தொல்லையாகக் கருதி வாயிலை அடைக்கும் சங்கத்திடம், பூங்கா எத்துணைப் பசுமையாக இருப்பினும், பொறுப்பு நீடிக்கக் கூடாது.

நகராட்சியின் ஆண்டறிக்கை பொதுவாக எத்தனை பூங்காக்கள் திறக்கப்பட்டன என்று கூறும். ஐந்தாண்டுகளுக்கு முன் திறந்தவற்றுள் எத்தனை இன்றும் பயனில் உள்ளன, பதிவேட்டில் கண்ட பரப்பு நிலத்திலும் உள்ளதா, எந்த வார்டின் குழந்தைகளுக்கு இன்னும் திடல் இல்லை என்ற மூன்று வினாக்களுக்கும் அவ்வறிக்கையில் விடை இடம்பெற வேண்டும். இவ்விவரங்கள் ஆண்டுதோறும் மன்றத்தின் முன் வைக்கப்படுமாயின், மதில்களைவிடவும் காவலர்களைவிடவும் அவை நகரின் திறந்தவெளிகளை உறுதியாகக் காக்கும்.