ஏழு பேருக்கு எதற்குக் கூட்டமைப்பு?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ராஜபாளையத்தில் நீங்கள் ஏழு பேர் சேர்ந்து பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க் கரையைச் சுத்தம் செய்வதும் கேட்க நிறைவாக இருக்கிறது. கடைசியில் ஒரு கேள்வி போட்டிருக்கிறாய்: "எங்களுக்கு மேலே இன்னொரு கூட்டமைப்பு எதுக்கு மாமா? மீட்டிங் போட்டுச் சந்தா வாங்கத்தானே?" கூட்டுறவுத் தணிக்கையிலேயே காலம் தள்ளியவனிடம் இதைக் கேட்டால் பதில் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்.

எங்கள் ஊர்ப் பால்கோவாவில் இருந்தே தொடங்குகிறேன். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டாள் கோயிலைச் சுற்றிப் பேர்போன கடைகள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒரு கடைக்காரர் தனக்காகத் தனியே விண்ணப்பித்திருந்தால் அது கிடைத்திருக்காது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, தயாரிப்பாளர்கள் எல்லாருக்காகவும் பேசுகிற ஒரு சங்கமோ அமைப்போதான் கேட்க முடியும். குறியீடு வந்த பிறகு, அவரவர் தனித்தனியே அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிந்துகொள்ளலாம். அடுப்பும் கடாயும் அவரவருடையவை. பெயரைக் காப்பது பொது வேலை. ஒரு கூட்டமைப்புக்கு இதுதான் இலக்கணம் என்பேன். தனியாக ஆகாததை மட்டும் அது எடுத்துச் செய்ய வேண்டும். மற்றதில் கை வைக்கக் கூடாது.

மகளிர் சுய உதவிக் குழுக்களை நீ பார்த்திருப்பாய். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கி, பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டங்களுக்கும் வந்தவை. கிராமங்களில் இந்தக் குழுக்கள் சேர்ந்து ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு ஆகின்றன. உங்கள் ஊரும் எங்கள் ஊரும் நகராட்சி என்பதால் இங்கே அதற்குப் பகுதி அளவிலான கூட்டமைப்பு என்று பெயர். அதன் மாதக் கூட்டம் ஒன்றில் போய் ஓரமாக உட்கார்ந்து பார். ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டையும் ரொக்க ஏட்டையும் வங்கிப் பாஸ்புக்கையும் கொண்டுவரும். ஒரு குழுவின் ஏட்டுக்கும் பாஸ்புக்குக்கும் சில நூறு ரூபாய் இடிக்கும். உடனே, "யார் எடுத்தது?" என்று முகங்கள் சுருங்கும். கணக்குத் தெரிந்த அம்மா ஒருவர் பாஸ்புக்கில் விரலை ஓட்டி, வங்கி வரவு வைத்த வட்டியை ஏட்டில் ஏற்றாமல் விட்டதைக் காட்டுவார். பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். இந்த ஒரு சந்தேகம் தீராமல் உடைந்துபோன குழுக்கள் உண்டு. சேமிப்பும் கடனும் குழுவுக்குள்ளேதான் நடக்கின்றன. கணக்குப் பயிற்சி, வங்கியோடு பேச்சு, அரசு நிதியைக் குழுவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் கூட்டமைப்பின் பாடு.

உங்கள் ஏழு பேருக்கும் இந்தத் தேவை சீக்கிரமே வரும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கம் பதிய ஏழு பேர் போதும். பதிந்த பிறகுதான் வேலை கூடும்: ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கை, பதிவாளர் அலுவலகத்தில் கணக்குத் தாக்கல், வருமான வரித்துறையில் வரிவிலக்குக்கான பதிவுகள். உங்கள் ஊரில் ஆலைகளுக்குக் குறைவில்லை. லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் நேராக உங்கள் கைக்கு வராது. வரித்துறைப் பதிவுகளோடு மூன்றாண்டு பணி அனுபவமும் கேட்பார்கள். பதிவும் அனுபவமும் உள்ள பெரிய அமைப்பு ஒன்றோடு சேர்ந்து வேலை செய்தால் அந்த மூன்றாண்டை வீணாக்காமல் கடக்கலாம்.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் இந்த வழி அடைபட்டுவிட்டது. முன்பெல்லாம் பெரிய அமைப்புகள் வெளிநாட்டு நன்கொடையைப் பெற்று, உரிய பதிவுள்ள சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020-இல் வந்த சட்டத் திருத்தம் அதைத் தடை செய்தது. பயிற்சியும் ஆலோசனையும் தரலாம். அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றக் கூடாது. ஆகவே யாராவது வெளிநாட்டு நிதி வாங்கித் தருகிறேன் என்று வந்தால் ஜாக்கிரதை.

பணம் இருந்தாலும் கூட்டமைப்பு வேண்டும் என்பதற்கு நாகப்பட்டினம் சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். நிவாரணப் பொருள் லாரி லாரியாக வந்தது. சாலையோரக் கிராமத்துக்கு மேலும் மேலும் போனது. உள்ளே இருந்தவர்களுக்குப் போகவில்லை. வேண்டாத பழைய துணி ரோட்டோரம் குவிந்தது. அந்த நேரத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும், அங்கேயே பணியாற்றிவந்த ஸ்நேகா அமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. எந்த ஊருக்கு என்ன தேவை, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற விவரம் ஓரிடத்தில் சேர்ந்தது. வந்து இறங்கிய தொண்டு நிறுவனங்களை ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். இரண்டு பேர் ஒரே ஊரில் முட்டிக்கொள்வது குறைந்தது.

இது நம்மூருக்கு மட்டுமான சங்கதியும் இல்லை. இங்கிலாந்தில் முதல் உலகப்போர் முடிந்த மறு ஆண்டே, 1919-இல், தொண்டு அமைப்புகளுக்கான தேசியக் கவுன்சில் ஒன்று உருவாகி இன்றும் நடக்கிறது. டெல்லியில் 1988 முதல் இயங்கும் 'வாணி' என்ற வலையமைப்பு, நாடெங்கும் உள்ள தொண்டு நிறுவனங்களுக்காக அரசிடம் பேசுகிறது. சட்டம் மாறும்போது டெல்லியில் பேச உங்கள் ஏழு பேரால் ஆகுமா?

இதனால் கூட்டமைப்பு எல்லாமே நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. மேலே போனவர்கள் கீழே இறங்க மறந்து, ஒரே ஆள் பதினைந்து வருடம் தலைவராக உட்கார்ந்து, கிளைகள் பேனர் பிடிக்க மட்டும் அழைக்கப்பட்ட கதைகளும் உண்டு. சேரும் முன் நான்கைந்தைக் கேள். நிர்வாகிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எத்தனை ஆண்டுக்கு? வரவு செலவைப் பொதுக்குழுவில் வாசிக்கிறார்களா, அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்களா? சந்தாவில் எவ்வளவு அலுவலகத்துக்கு, எவ்வளவு பயிற்சிக்கு? வேலை நீங்கள் செய்தால் பலகையில் யார் பெயர்? விலக நினைத்தால் விலக முடியுமா? இவற்றுக்கு நேரான பதில் வந்தால் சேருங்கள். சுற்றி வளைத்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடு.

அதற்கு முன் உங்கள் வீட்டு வேலை ஒன்று இருக்கிறது. ஒரு தீர்மான நோட்டும் ஒரு ரொக்க ஏடும் வாங்கு. வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கி, இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வை. ஒரு ரூபாய் செலவானாலும் வவுச்சர் எழுது. கணக்கு இல்லாத குழுவுக்கு எந்தக் கூட்டமைப்பாலும் கைகொடுக்க முடியாது. கணக்குச் சரியாக இருந்தால் அவர்களிடம் நீயும் கணக்குக் கேட்கலாம். ஆறு மாதம் எழுதிவிட்டு ஏட்டோடு இங்கே வா. தணிக்கை செய்து தருகிறேன், கட்டணம் இல்லை.

அக்காவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா,
ஸ்ரீவில்லிபுத்தூர்