சுவானி ரயிலைப் பற்றி எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

1899ஆம் ஆண்டின் சுவானி அணியைப் பற்றிய உன் கட்டுரை வந்தது. டென்னசி மலைமேல் ஒரு சின்னக் கல்லூரி. ஆறே நாளில் ஐந்து வெளியூர் ஆட்டம், ஐந்திலும் வெற்றி, எதிராளிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. அமெரிக்கக் கால்பந்து தெரியாதவருக்கும் இதைக் கேட்டால் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில் 'இரும்பு மனிதர்கள்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிவிட்டாய். எல்லாவற்றையும் அடித்துவிடு.

ஏன் அப்படி ஓடினார்கள் என்று நீ கேட்கவே இல்லையே! வாண்டர்பில்ட் அணியோடு ஆட வேண்டிய ஆட்டத்தின் டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் தகராறு. அந்த ஆட்டமே நின்றுபோனது. விழுந்த துண்டை ஈடுகட்டத்தான் மேலாளர் லூக் லீ இந்தப் பயணத்தைப் போட்டார். அவரும் மாணவர்தான். 21 ஆட்டக்காரர்கள், ரயிலில் சுமார் 2,500 மைல். நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சாஸ், 10 ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், 11 நியூ ஆர்லியன்சில் துலேன், ஞாயிறு ஓய்வு, 13 பாட்டன் ரூஜில் லூசியானா, 14 மெம்ஃபிஸில் மிசிசிப்பி. இதைத் திட்டமிட்டவரை ஒரே வரியில் தாண்டியிருக்கிறாய். (பின்னாளில் செனட்டரான அவர், முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஹாலந்துக்குப் போய் ஜெர்மன் கைசரையே தூக்கிவரப் பார்த்தார். அந்த ஆளுக்கு ரயில் அட்டவணை எம்மாத்திரம்!)

கேப்டன் சீபெல்ஸ் தலையில் அடிபட்டும் களத்தைவிட்டு வரவில்லை என்கிறாய். சரி. வெளியே வந்தவர் அதே ஆட்டத்தில் திரும்ப இறங்க முடியாது என்ற அக்கால விதியையும் பக்கத்தில் வை. டச்டவுனுக்கு அன்று 5 புள்ளி, அதையடுத்த உதைக்கு 1 என்பதையும் சொல். டெக்சாஸை வென்ற 12-0 என்ன கணக்கு என்று அப்போதுதான் வாசகருக்குப் பிடிபடும். லூசியானாவை 34-0 என்று வென்றதை இன்றைய லூசியானாவை மனதில் வைத்து எழுதாதே. அங்கே ஆட்டம் தொடங்கியதே 1893இல்.

எனக்குப் பெரிய குறை வேறு. சீசன் முழுக்க 12 ஆட்டம். சுவானி எடுத்தது 322, கொடுத்தது 10. அந்தப் பத்தும் ஒரே அணிக்குப் போனது: ஜான் ஹைஸ்மன் பயிற்றுவித்த ஆபர்ன். நவம்பர் 30, மான்ட்கோமரி, 11-10. ரயில் பயணம் முடிந்து பதினாறு நாள் கழித்து, ஒரே புள்ளி வித்தியாசத்தில் தப்பினார்கள். ஐந்து வெற்றியையும் சேர்த்தாலும் இவ்வளவு பதைப்பு இல்லை. நீயோ 'இறுதியில் ஆபர்னையும் வீழ்த்தினர்' என்று முடித்துவிட்டாய். அதுவும் இறுதி அல்ல. இரண்டே நாளில் அட்லாண்டாவில் வட கரோலினாவை 5-0 என்று வென்றார்கள்.

ரயிலைப் பாதியாகக் குறை. மான்ட்கோமரிக்கு ஒரு முழுப் பக்கம் கொடு. அன்றைய செய்தித்தாள்கள் கிடைத்தால் இரண்டு அணிகளின் ஊர்ப் பத்திரிகைகளையும் பார். தோற்ற ஊர்ப் பத்திரிகையை முதலில் படி. திருத்தியதை அனுப்பு, உடனே பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்